ஜோர்டி என்று பெயர் வைத்தவர்

1973 அக்டோபர் 28, ஞாயிற்றுக்கிழமை. பார்சிலோனாவில் ஒரு தேவாலயத்துக்குள் புகுந்த போலீஸ், அங்கே ரகசியமாகக் கூடியிருந்த 113 பேரைப் பிடித்துக்கொண்டு போனது. கட்டலோனியப் பேரவை என்ற பெயரில் பல கட்சிக்காரர்களும் தொழிற்சங்கத்தாரும் அறிவாளர்களும் ஒன்றுசேர்ந்து நடத்திவந்த இயக்கம் அது. அரசியல் கைதிகளுக்கு விடுதலை, பேசவும் கூடவும் உரிமை, கட்டலோனியாவுக்குத் தன்னாட்சி, இவைதாம் அவர்கள் கேட்டவை. அதே ஞாயிறன்று, அதே ஊரில், கேம்ப் நோ மைதானத்தில் 26 வயது டச்சுக்காரர் ஒருவர் பார்சிலோனா கால்பந்து கிளப்பான பார்சாவின் நீலமும் கருஞ்சிவப்பும் கலந்த சட்டையில் தன் முதல் லீக் ஆட்டத்தை ஆடினார். கிரனாடா அணியை 4-0 என்று வென்ற அந்த ஆட்டத்தில் இரண்டு கோல் அவருடையது. அவர்தான் யோஹான் கிரைஃப்.

அரசியல்வாதிகள் பல ஆண்டு போராடியும் செய்ய முடியாததை கிரைஃப் 90 நிமிடத்தில் கட்டலோனியருக்குச் செய்துவிட்டார் என்று கால்பந்து எழுத்தாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. போலீஸ் வண்டியில் ஏறிய 113 பேரையும் ஒரு பந்தாட்டக்காரரையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாகாது. கிரைஃப் செய்த காரியமே வேறு. அடங்கிப் போயே பழகிய ஒரு மக்களுக்கு, உங்கள் மொழியும் பெயரும் கொடியும் சாதாரண விஷயங்கள், அவற்றுக்காகப் பயப்படவும் வேண்டாம், சதா அழுதுகொண்டிருக்கவும் வேண்டாம் என்று நடந்து காட்டினார். அதை நடந்து காட்டியவர் வெளியிலிருந்து வந்தவர். இந்தக் கடைசி விஷயத்தை இன்றைய கட்டலோனியா மறக்கத் தொடங்கியிருக்கிறதோ என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

நான் பார்சிலோனாவில் எஷாம்ப்ளா பகுதியில் குடும்பத்தோடு வசிக்கிறேன். மருந்து ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை. மகன் இங்கேயே பிறந்தவன். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கட்டலான், கடைத்தெருவில் ஸ்பானிஷ் என்று வளர்கிறான். எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு பெரியவர் இருக்கிறார், அச்சகத்தில் எழுத்துக்கோத்து ஓய்வுபெற்றவர். கிரைஃப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டது பாதி என்றால், அவர் வாயால் கேட்டது மீதி.

கிரைஃப் வந்திறங்கிய ஊர் எப்படி இருந்தது என்பதைச் சொல்லாமல் அவர் செய்தது விளங்காது. 1939-ல் உள்நாட்டுப் போர் முடிந்து சர்வாதிகாரி பிராங்கோவின் படைகள் வென்ற பிறகு, கட்டலான் மொழி பள்ளியிலிருந்தும் அரசு அலுவலகத்திலிருந்தும் பத்திரிகையிலிருந்தும் துரத்தப்பட்டது. அடுப்படியிலும் படுக்கையறையிலும்தான் அது மிஞ்சியது. கால்பந்து கிளப்பையும் விட்டுவைக்கவில்லை. அதன் பெயர் ஸ்பானிஷ் வழக்கத்துக்கு மாற்றப்பட்டது; சின்னத்தில் கட்டலோனியக் கொடியைக் குறித்த நான்கு சிவப்புப் பட்டைகளில் இரண்டு அழிக்கப்பட்டு, 1949-ல்தான் திரும்பி வந்தன. அதற்கு முன்பே, 1936 ஆகஸ்டில், கிளப்பின் தலைவராக இருந்த ஜோசப் சுன்யோலை குவாதர்ராமா மலைப்பாதையில் பிராங்கோவின் ஆட்கள் சுட்டுக் கொன்றிருந்தார்கள். கட்சியோ பாராளுமன்றமோ சொந்தமாக இல்லாத மக்கள், ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் கூடித் தம் மொழியில் கத்த வாய்த்த ஒரே இடம் மைதானம். 1968-ல் பதவியேற்ற தலைவர் நார்சிஸ் தெ கரேராஸ், இது ஒரு கிளப்புக்கும் மேலானது என்று சொன்ன வார்த்தை நிலைத்துப் போனதற்கு அதுதான் காரணம்.

ஆனால் மைதானத்தில் ஆனந்தம் இருந்ததா? பார்சா கடைசியாக லீக் வென்றது 1960-ல். அதன்பின் 14 ஆண்டு வறட்சி. தோற்றால் நடுவர் மேல் பழி, நடுவருக்குப் பின்னால் மாட்ரிட் மேல் பழி. அந்தப் பழியில் உண்மையும் கலந்திருந்தது. ஆனாலும் மனக்குறையையே தின்று வாழப் பழகிவிட்ட ஒரு கூட்டம், வெற்றி வந்தால்கூட அதை எப்படிக் கையில் வாங்குவது என்று தெரியாமல் நிற்கும். 'இன்னைக்கு அவதிப்படப் போறோம்' என்று ஆட்டம் தொடங்குமுன்பே பெருமூச்சு விடுவது பார்சா ரசிகர்களின் வழக்கம். மேல்மாடிப் பெரியவர் இன்றும் தொலைக்காட்சி முன்னால் அமரும்போது அதைத்தான் சொல்கிறார்.

வெளிநாட்டு வீரர்களுக்கு ஸ்பெயின் போட்டிருந்த தடை 1973-ல் நீங்கியது. அவர் ஆடிவந்த அஜாக்ஸ் கிளப்பின் நிர்வாகம் கிரைஃபை ரியல் மாட்ரிட்டுக்குக் கொடுக்கப் பேசியிருந்தது. என்னைக் கேட்காமல் என்னை விற்பதா என்று அவர் முரண்டு பிடித்து, பார்சிலோனாவைத் தேர்ந்தெடுத்தார். இதைப் பிராங்கோ எதிர்ப்பு என்று பின்னாளில் பலர் மெருகேற்றினார்கள். அந்த மெருகு தேவையில்லை. பழைய குரு ரினுஸ் மிஷெல்ஸ் அங்கே பயிற்சியாளராக இருந்தார், நல்ல பணம் கிடைத்தது, தன் விருப்பப்படி நடக்க வேண்டும் என்ற பிடிவாதமும் இருந்தது. பணத்தில் அவர் கறாரானவர் என்பது ஊரறிந்தது. அவரைத் தியாகி ஆக்காமலே அவருடைய பங்கைச் சொல்ல முடியும்.

அந்தப் பங்கின் மையம் ஒரு குழந்தையின் பெயர்.

1974 பிப்ரவரி 9 அன்று ஆம்ஸ்டர்டாமில் கிரைஃபுக்கு மகன் பிறந்தான். பெற்றோருக்கு ஜோர்டி என்ற பெயர் பிடித்திருந்தது. அது கட்டலோனியாவின் காவல் புனிதரின் பெயர். ஏப்ரல் 23 அன்று ரோஜாவும் புத்தகமும் கொடுத்துக்கொண்டு இந்த மக்கள் கொண்டாடுவது அவருடைய நாளைத்தான். பார்சிலோனாவுக்குத் திரும்பிப் பதிவு செய்யப் போனபோது, அந்தப் பெயரை எழுத முடியாது, ஸ்பானிஷ் வடிவமான ஹோர்ஹே என்றுதான் எழுதுவோம் என்றார் குமாஸ்தா. சட்டம் அப்படித்தான் இருந்தது. கிரைஃப் விட்டுக்கொடுக்கவில்லை. ஹாலந்தில் ஏற்கெனவே ஜோர்டி என்று பதிவான தாளை நீட்டினார். என் மகன் பெயர் இதுதான், எழுதுவதானால் எழுதுங்கள் என்ற தோரணை. எழுதிக்கொண்டார்கள்.

மேல்மாடிப் பெரியவர் ஒருமுறை இரண்டு அடையாள அட்டைகளைச் சாப்பாட்டு மேசையில் எனக்காக எடுத்து வைத்தார். பழையதில் ஓரங்கள் மஞ்சளாகி, உறை வெடித்திருந்தது. அதில் அவர் பெயர் ஸ்பானிஷில். இரண்டாவது அட்டையில் அம்மா கூப்பிட்ட பெயர், கட்டலானில். வட்டார மொழிப் பெயர்களை அனுமதித்த சட்டம் 1977 ஜனவரியில் வந்தபின் போய் மாற்றிக்கொண்டது. இரண்டு புகைப்படத்திலும் ஒரே மீசை. "நான் பிறந்தப்போ எங்கப்பா அந்த மேசைக்கு முன்னால போய் நின்னார். என்ன பேர்னு கேட்டாங்க. அவருக்கு வாய் வரல, அவங்களே ஒரு பேரை எழுதிக் கொடுத்தாங்க. கிரைஃபுக்கு வாய் வந்துச்சு, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். சொல்லிவிட்டுப் பழைய அட்டையைத்தான் முதலில் எடுத்துப் பைக்குள் பத்திரப்படுத்தினார்.

அந்த வித்தியாசத்தை எடைபோட்டுப் பார்க்க வேண்டும். கிரைஃபுக்கு வாய் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. கையில் டச்சுக் கடவுச்சீட்டு, நாடே அறிந்த முகம். குமாஸ்தாவால் அவரை ஒன்றும் செய்திருக்க முடியாது. பெரியவரின் அப்பா வாயைத் திறந்திருந்தால் வேலை போயிருக்கலாம், அதற்கு மேலும் போயிருக்கலாம். ஆகவே இது பெரிய வீரச்செயல் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாதுகாப்பு உள்ள எத்தனை பேர் அந்தப் பாதுகாப்பை இப்படிச் செலவழிக்கிறார்கள்? ஹோர்ஹே என்று எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் பயிற்சிக்குப் போவது எவ்வளவு எளிது! நட்சத்திரங்கள் அதைத்தான் வழக்கமாகச் செய்வார்கள். அவர் செய்யவில்லை. கட்டலோனியர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ரகசியமாக வைத்திருந்த பெயரை, உலகத்திலேயே விலை உயர்ந்த பந்தாட்டக்காரர் தன் மகனுக்கு விரும்பி வைத்திருக்கிறார் என்ற செய்தி வீட்டுக்கு வீடு போனது. எந்தத் துண்டுப் பிரசுரமும் சொல்ல முடியாததை அது சொன்னது: உங்களுடையது அழகான பெயர்.

மகன் பிறந்த எட்டாம் நாள், பிப்ரவரி 17. மாட்ரிட்டின் பெர்னபேவ் மைதானத்தில் ரியல் மாட்ரிட்டை பார்சா 5-0 என்று தோற்கடித்தது. தலைநகரில், அதிகாரத்தின் வீட்டு வாசலில், ஐந்து கோல். கிரைஃப் ஒன்று போட்டார்; மற்றவற்றுக்குப் பாதை திறந்தார். பெரியவர் அதை டிரான்சிஸ்டரில் கேட்டவர். நான்காவது கோலுக்குப் பிறகு அறிவிப்பாளர் சொல்வதை நம்பாமல் அவருடைய மாமா வானொலியை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டாராம். இரவில் லா ரம்ப்ளா தெருவின் தலைமாட்டில் உள்ள கனலேதஸ் நீரூற்றைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. பார்சா வென்றால் அங்கே கூடுவது இன்றும் உள்ள வழக்கம். 1930-களில் எதிரே இருந்த ஒரு பத்திரிகை அலுவலகம் ஆட்ட முடிவுகளைப் பலகையில் எழுதிப் போடும், அதைப் பார்க்கக் கூடியதில் தொடங்கியது. அந்தப் பத்திரிகையை நிறுவியவர், மலைப்பாதையில் சுட்டுக் கொல்லப்பட்ட அதே சுன்யோல். 1974-ல் அங்கே கூடிய இளைஞர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. பெரியவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த ஐந்து கோல்களைப் போட்டவர்களின் ஊரைப் பார்க்கலாம். இரண்டு கோல் போட்ட அசென்சி அலிகாந்தேக்காரர். கிரைஃப் ஆம்ஸ்டர்டாம். ஹுவான் கார்லோஸ் வடக்கே சாந்தாந்தேர் பக்கத்தவர். ஐந்தாவது கோலை அடித்த ஊகோ சோட்டில் பெரு நாட்டவர். பார்சிலோனாவில் பிறந்த ரெஷாக் போன்றவர்கள் அணியில் இருந்தார்கள், அருமையாக ஆடினார்கள். ஆனால் கட்டலோனியப் பெருமையின் உச்சம் என்று இன்றும் தாத்தாக்கள் பேரன்களுக்குச் சொல்லும் அந்த இரவின் ஐந்து கோலில் ஒன்றுகூடக் கட்டலோனியாவில் பிறந்தவருடையது இல்லை. அன்று நீரூற்றடியில் கூடியவர்களில் ஒருவரும் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை.

கால்பந்து எதைச் செய்யாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த வெற்றிக்கு 13 நாள் கழித்து, 1974 மார்ச் 2 அன்று, பார்சிலோனாவின் மொதேல் சிறையில் சல்வடோர் புச் அந்திக் என்ற 25 வயது இளைஞர், கழுத்தை இரும்புப் பட்டையால் நெரிக்கும் கருவியில் கொல்லப்பட்டார். பிராங்கோ ஆட்சிக்கு எதிராக இயங்கிய அராஜகவாதி அவர். கைதாகும்போது நடந்த மோதலில் ஒரு போலீஸ்காரர் இறந்ததற்காகத் தண்டனை. சிறை இப்போது மூடப்பட்டுவிட்டது. வேலைக்குப் போகும்போது அந்தச் சுவரைக் கடந்துதான் போகிறேன். 5-0 அவரைக் காப்பாற்றவில்லை. கால்பந்து ஒரு சர்வாதிகாரத்தைக் கவிழ்த்தது என்று யாராவது எழுதினால், அந்தச் சுவரருகே வந்து எழுதட்டும்.

கவிழ்க்காது, ஆனால் வெளிச்சத்துக்குக் கொண்டுவரும். 1975 நவம்பர் 20 அன்று பிராங்கோ இறந்தார். ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 28 அன்று, கேம்ப் நோவில் ரியல் மாட்ரிட்டோடு ஆட்டம். சட்டைக்குள்ளும் கோட்டுக்குள்ளும் ஒளித்து எடுத்துப்போன செனியேரா கொடிகள், அதாவது மஞ்சளில் நான்கு சிவப்புப் பட்டை உள்ள கட்டலோனியக் கொடிகள், அரங்கமெங்கும் விரிந்தன. பார்சா 2-1 என்று வென்றது. கடைசி நேரத்தில் வெற்றிக் கோலை அடித்தவர் ரெஷாக். அதைத் தொடர்ந்து கேப்டன் கிரைஃப் தன் கையில் கட்டும் பட்டையிலும் அந்த நான்கு கோடுகள் வந்தன. இன்றும் பார்சா கேப்டன்கள் அதைக் கட்டுகிறார்கள்.

வீரராக அவர் பார்சாவுக்கு வென்று தந்த கோப்பைகளை எண்ணினால் ஏமாற்றமாக இருக்கும். ஐந்து பருவங்களில் ஒரு லீக், 1978-ல் ஒரு அரசர் கோப்பை, அவ்வளவே. பெருமை என்பது கோப்பைகளின் எண்ணிக்கையில் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். ஆனால் மனக்குறை என்ற பழைய நோய் அந்த ஐந்து ஆண்டில் தீர்ந்துவிடவில்லை. 1986-ல் செவில்லேயில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். ருமேனியாவின் ஸ்டுவா அணியோடு கோலின்றி முடிந்து பெனால்டிக்குப் போனது. பார்சா அடித்த நான்கு பெனால்டியும் வீண். பெரியவர் அந்த இரவைப் பற்றிப் பேசுவதே இல்லை.

1988-ல் கிரைஃப் பயிற்சியாளராகத் திரும்பினார். இங்கேதான் அவருடைய ஆழமான வேலை நடந்தது. முன்னேறி ஆடு, பந்தை நீயே வைத்திரு, எதிரி என்ன செய்வான் என்பதைவிட நீ என்ன செய்யப் போகிறாய் என்று யோசி. இது பந்தாட்ட உத்தி மட்டும்தானா? மாட்ரிட் நமக்கு என்ன செய்தது என்றே பேசிப் பழகிய ஊருக்கு, நாம் என்ன செய்யப் போகிறோம் என்று கேட்கப் பழக்குவது ஒரு மனமாற்றம். 1992 மே 20 அன்று லண்டன் வெம்பிளியில் சம்ப்டோரியாவோடு இறுதி ஆட்டம். உடைமாற்றும் அறையில் அவர் வீரர்களிடம் சொன்னது: போங்கள், போய் அனுபவித்து ஆடுங்கள். அவதிப்படப் போகிறோம் என்றே தொடங்கும் ரசிகர் கூட்டத்தின் அணிக்கு அந்தச் சொல் எப்படி இருந்திருக்கும்! கூடுதல் நேரத்தில் ரொனால்ட் கூமன் அடித்த ஃப்ரீ கிக் கோலாகி, பார்சாவின் முதல் ஐரோப்பியக் கோப்பை வந்தது. அந்தக் காலத்தில் 1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு லீக்.

கோப்பையோடு ஊர் திரும்பியதும், அரசு மாளிகை மாடத்திலிருந்து சாந்த் ஜவ்மே சதுக்கத்தில் நின்ற கூட்டத்தைப் பார்த்து 21 வயதான பெப் குவார்தியோலா பேசினார்: "கட்டலோனியக் குடிமக்களே, இதோ உங்களிடம் வந்துவிட்டது." கூட்டத்துக்கு உடனே புரிந்தது. 1977-ல் நாடுகடந்த வாழ்விலிருந்து திரும்பிய தலைவர் ஜோசப் தரதேயாஸ் அதே மாடத்தில் நின்று, "கட்டலோனியக் குடிமக்களே, இதோ வந்துவிட்டேன்" என்றிருந்தார். சாந்த்பெதோர் என்ற சிற்றூரிலிருந்து வந்து, கிளப்பின் மசியா விடுதியில் தங்கி வளர்ந்த பையன், தன் மக்களின் வரலாற்றை எடுத்துக் கொண்டாட்டத்துக்குள் வைக்கிறான். அவனை அணியில் சேர்த்து ஆட்டத்தின் நடுவே நிறுத்தியவர் கிரைஃப்.

இத்தனைக்கும் கிரைஃப் கட்டலான் மொழியை ஒழுங்காகப் பேசியதே இல்லை. அவருடைய ஸ்பானிஷும் தனி ரகம். அதைப் போலவே பேசிக் காட்டாத பார்சிலோனாக்காரர் குறைவு. அப்படிப் பேசுவதும் பாசத்தோடுதான். 1991-ல் இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு புகையை விட்ட அவர், கட்டலோனிய சுகாதாரத் துறையின் விளம்பரத்தில் சிகரெட் பெட்டியைப் பந்துபோல் காலில் தட்டித் தட்டி உதைத்துத் தள்ளினார். 2006-ல் கட்டலோனிய அரசின் சாந்த் ஜோர்டி சிலுவை விருது, 2009 முதல் 2013 வரை கட்டலோனியத் தேசிய அணியின் பயிற்சியாளர் பொறுப்பு. ஃபிஃபா அங்கீகரிக்காத அந்த அணி அவர் தலைமையில் அர்ஜென்டினாவை 4-2 என்று வென்றது. 2016 மார்ச் 24 அன்று அவர் இந்த ஊரிலேயே கண்ணை மூடினார். நீ எந்த ஊர், உன் தாத்தா என்ன மொழி பேசினார் என்று கடைசிவரை அவரிடம் யாரும் கேட்கவில்லை.

எனக்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. புகழும் பணமும் உள்ளவனை எந்த ஊரும் தன்னவன் என்று சேர்த்துக்கொள்ளும், ஏழைக் குடியேறிக்கு அதே கதவு திறக்குமா என்பது. வரலாறு இதற்கு இரண்டு விதமாகவும் பதில் சொல்கிறது. கிளப்பை 1899-ல் தொடங்கிய ஹான்ஸ் காம்பர் சுவிட்சர்லாந்துக்காரர். ஜோன் என்று பெயரை மாற்றிக்கொண்டு கட்டலோனியராகவே வாழ்ந்தார். 1950-களில் கூட்டத்தை ஈர்த்து, 1957-ல் திறந்த கேம்ப் நோவுக்குத் தேவையை உண்டாக்கிய லாஸ்லோ குபாலா, ஹங்கேரியிலிருந்து தப்பி வந்த அகதி. அதே காலத்தில் அந்தலூசியாவிலிருந்தும் முர்சியாவிலிருந்தும் ரயிலேறி வந்து, ஆலைகளிலும் கட்டட வேலையிலும் சேர்ந்து, நகர விளிம்புக் குடிசைகளில் தங்கியவர்கள் ஏளனத்தைச் சந்தித்தார்கள். அவர்களைப் பற்றி பிரான்சிஸ்கோ காந்தேல் 1964-ல் எழுதிய 'மற்றக் கட்டலோனியர்' என்ற நூல் இந்தச் சமூகத்தின் மனசாட்சியை உலுக்கியது. கட்டலோனியாவில் வாழ்ந்து உழைக்கிற எவரும் கட்டலோனியரே என்பது பிறகு அரசியல் கொள்கையாகவே ஆனது. அந்தக் குடியேறிகளின் பிள்ளைகள் பார்சா சட்டை போட்டுக்கொண்டு அந்தக் கொள்கைக்கு உயிர் கொடுத்தார்கள்.

இன்று அந்தக் கொள்கை ஆட்டம் காண்கிறது. கட்டலோனியாவின் 80 லட்சம் பேரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். 2023-ல் ரிபோல் என்ற மலைநகரில் குடியேறிகளுக்கு எதிராகப் பேசும் அலியான்சா கட்டலானா கட்சித் தலைவர் மேயரானார். 2024 மே தேர்தலில் அக்கட்சி கட்டலோனியப் பாராளுமன்றத்தில் இரண்டு இடம் பிடித்தது. கட்டலான் மொழியைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு, யார் உண்மையான கட்டலோனியர் என்று பிரித்துப் பார்க்கும் அரசியல் இது. மொழி நலிகிறது என்ற அவர்களின் கவலை பொய்யல்ல. எனக்கும் அது உண்டு. வகுப்பில் கட்டலான் கற்கும் பிள்ளைகள் விளையாட்டு இடைவேளையில் ஸ்பானிஷுக்குத் தாவுவதை நானே பார்க்கிறேன். ஆனால் ஒரு மொழியை வளர்ப்பவர்கள் அதை விரும்பிப் பேசும் புதியவர்கள்தான். வாசலில் நின்று வம்சாவளி கேட்டால் அவர்கள் எப்படி உள்ளே வருவார்கள்? 1974-ல் அந்தக் குமாஸ்தா, உன் பிள்ளையின் பெயர் எங்கள் பட்டியலில் இல்லை என்றார். இன்று அதே கேள்வியைக் கட்டலானில் கேட்பவர்கள், கிரைஃபின் சட்டையைப் போட்டுக்கொண்டாலும் மேசைக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறார்கள்.

இன்று இந்த மண்ணின் மிகப் பெரிய பந்தாட்டப் பெயர் லமீன் யமால். 2007-ல் எஸ்ப்ளூகஸில் பிறந்தவர், மதாரோ நகரின் ரொகஃபோந்தா பேட்டையில் வளர்ந்தவர். தந்தை மொராக்கோ, தாய் ஈக்வடோரியல் கினி. கோல் அடித்தால் விரல்களால் 304 என்று காட்டுகிறார். அவருடைய பேட்டையின் அஞ்சல் எண்ணின் கடைசி மூன்று இலக்கம் அது. குடியேறிகள் நிறைந்த ஒரு தெருவின் எண் உலகெங்கும் தெரிகிறது. கிரைஃப் மகனுக்கு ஜோர்டி என்று பெயர் வைத்ததன் மறுபக்கம் இது என்று நினைக்கிறேன். அன்று வெளியாள் ஒருவர் இந்த மக்களின் பெயரை மதித்தார். இன்று இங்கேயே பிறந்த பையன், என் தெருவும் கட்டலோனியாதான் என்கிறான். முதலாவதைக் கொண்டாடியவர்களுக்கு இரண்டாவதைக் கொண்டாடும் கடமை இருக்கிறது.

அந்தக் கடமை கைதட்டலோடு முடிவதும் இல்லை. என் மகன் ஆடும் பேட்டை அணியில் ஒரு பையன், நல்ல காலாட்டம் உள்ளவன், பயிற்சிக்கெல்லாம் வந்தும் பாதிப் பருவம் ஆட்டத்தில் இறங்காமல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். வெளிநாட்டில் பிறந்த சிறுவர்களைப் பதிவு செய்யக் கூடுதல் ஆவணங்கள் கேட்கும் விதிகள் இருக்கின்றன. பிள்ளைகளைக் கடத்தி விற்கும் தரகர்களைத் தடுக்க வந்த விதி, நோக்கம் நல்லது. ஆனால் துப்புரவு வேலை பார்க்கும் அவன் அம்மாவுக்கு எந்தத் தாளை எந்த மேசையில் கொடுப்பது என்று சொல்ல ஆளில்லை. பயிற்சியாளரும் இரண்டு பெற்றோரும் கூடவே போய் அலைந்த பிறகுதான் அட்டை கிடைத்தது. முதல் ஆட்டத்தில் அவன் பந்து கேட்டுக் கத்தியது கட்டலானில்.

கிரைஃபுக்கு 2019-ல் கேம்ப் நோ வாசலில் சிலை வைத்தார்கள். சாந்த் ஜோன் தெஸ்பியில் இளையோர் மைதானத்துக்கு அவர் பெயர் சூட்டினார்கள். நல்லது. அதற்கு மேல் நான் கேட்பவை சிறியவை, செய்யக்கூடியவை. ஒவ்வொரு பேட்டை அணியிலும், இப்படித் தாளுக்காக ஓரத்தில் உட்காரும் பிள்ளைகளுக்கு வழிகாட்ட நகராட்சி ஓர் ஆளை அமர்த்தட்டும். பிள்ளைகள் பயிற்சி செய்யும் ஒரு மணி நேரம் வேலியோரம் காத்திருக்கும் பெற்றோருக்கு அங்கேயே இலவசக் கட்டலான் வகுப்பு நடக்கட்டும். நான் முதல் ஆளாகச் சேர்ந்து, தெரிந்ததை மற்றவர்களுக்குச் சொல்லியும் தருவேன். இத்தனை பெரிய கிளப், தன் பெயரில் ஆடும் சிறுவர்களோடு நிறுத்தாமல், தன் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு தெருவில் ஆடும் சிறுவர்களுக்கும் இந்தச் செலவில் பங்கு தரட்டும். கட்டலோனியப் பெருமை வளர்ந்ததெல்லாம், வந்தவனைச் சேர்த்துக்கொண்ட நாட்களில்தான். அது மேலும் வளர வேண்டுமானால் வழியும் அதுதான்.